ரேஷன் கடைக்காரி சதை போட்ட கதை

திருமங்கலத்திலிருந்து மேற்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்துக்கு முந்தின ஊரில் இறங்கினால், எதிரிலேயே மஞ்சள் அடித்த கட்டடம் ஒன்று இருக்கும். அதுதான் ரேஷன் கடை. தமிழ்வாணி அங்கே விற்பனையாளராக வேலைக்குச் சேர்ந்த அன்று ஊர் அவளைக் கூர்ந்து பார்த்தது. என்ன படித்திருக்கிறாள், யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் அப்புறம். முதலில் அவள் உடம்பைத்தான் பார்த்தார்கள்.

அதற்குக் காரணம் பேயாண்டி. அவளுக்கு முன்னால் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர். வந்த புதிதில் அவரும் எல்லாரையும் போலத்தான் இருந்தார். போகப் போக வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதே காலத்தில் அரிசி மூட்டைகளும் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் வண்டியோடு பிடித்து, ஆளை வேலையிலிருந்து தூக்கினார்கள். பேயாண்டி ரேஷன் அரிசியைத் தின்று பருக்கவில்லை, அதை விற்றுக் கறியும் மீனும் தின்று பருத்தார். ஊருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. ரேஷன் கடையில் உட்காருகிற ஆள் சதை போட்டால் அது நம் வீட்டுச் சோறு என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள்.

தமிழ்வாணிக்கு அப்போது சதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். ஜாக்கெட்டின் கைக்குள் இன்னொரு கை நுழையும். முதல் மாதமே ஒச்சம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒச்சம்மாள் எந்த வரிசையிலும் முதல் ஆளாக நிற்பாள். தராசில் விழுகிற எடையை ஊருக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படிப்பாள். அவள் சொன்னால் ஊரில் பாதிப்பேர் சொன்ன மாதிரி.

"இது எங்குட்டுடி திங்கப் போகுது? சோத்தக் கண்டா ஓடுற புள்ளயா இருக்கு. நல்ல புள்ளதேன்."

அந்தச் சான்றிதழில்தான் தமிழ்வாணியின் காலம் ஓடியது. உண்மையிலேயே அவள் கை சுத்தமானவள். ஒரு மணி சீனியை வாயில் போட்டுப் பார்த்தவள் இல்லை. இப்போதெல்லாம் தராசையும் கைரேகை மிசினையும் சேர்த்து இணைத்துவிட்டார்கள். சரியான எடை விழாமல் மிசின் ரசீது தராது. திருட ஆசைப்பட்டாலும் வழியில்லை. ஆனால் ஊர் நம்பியது மிசினை இல்லை, அவளுடைய கழுத்தெலும்பைத்தான்.

புருஷன் சிவபாண்டி திருமங்கலம் மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அதட்டிப் பேசுவானே தவிர நல்லவன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் பவதாரிணி. சொந்தமாக ஓட்டு வீடு. குறை என்று தனியாக எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்க்கை.

அதனால்தான் அவளுக்கு வந்தது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. வீட்டில் சாவு விழவில்லை, சண்டை நடக்கவில்லை. எப்படியோ உள்ளே விளக்கு அணைந்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்து உட்காருவதே பெரும்பாடாக இருந்தது. குளிக்கப் போனால் வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கடையில் எதிரே நிற்கிறவர் பேசுவது எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பது போல இருக்கும். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட ஒன்றும் தோன்றாது. அதுதான் அவளை ரொம்பவும் பயமுறுத்தியது.

கடையில் அரிசி அளந்து போடுகிற சங்கிலி ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய கிணற்றின் பக்கம் அவளைப் பார்த்துவிட்டார். எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாயி, இங்குட்டு என்ன சோலி?" என்றார்.

"சும்மாண்ணே" என்றாள்.

சங்கிலி அதற்கு மேல் கேட்கவில்லை. நேராக மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறிப் போய் சிவபாண்டியிடம் சொல்லிவிட்டார். அவர் செய்த உதவியை அந்த வீடு இன்னும் மறக்கவில்லை.

முதலில் கயிறு கட்டினார்கள், திருநீறு போட்டார்கள். பிறகு சிவபாண்டியே விசாரித்து மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா பொறுமையாக எல்லாம் கேட்டார். இது ஒரு நோய், சோம்பேறித்தனமும் இல்லை, பேயும் இல்லை என்றார். ராத்திரி சாப்பிடுகிற மாத்திரை ஒன்று எழுதினார். வேறு ஏதாவது கேட்கணுமா என்றார்.

தமிழ்வாணி அதுவரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"இதச் சாப்ட்டா ஒடம்பு வைக்குமா டாக்டர்?"

"சிலருக்குப் பசி கூடும். கொஞ்சம் வெயிட் போடலாம். எல்லாருக்கும் இல்ல. அப்படி ஆச்சுன்னா வந்து சொல்லுங்க, வேற மாத்திப் பாக்கலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க" என்று டாக்டர் சொல்லிச் சிரித்தார்.

அழகு போய்விடும் என்று பயப்படுகிறாள் என நினைத்திருப்பார். எங்கள் ஊரில் நான் குண்டானால் திருடி என்பார்கள் என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அதையும் சேர்த்து நோயில் எழுதிக்கொள்வார் என்று தமிழ்வாணி வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியில் சிவபாண்டி ஆட்டோவை ஓரங்கட்டினான்.

"இந்தா, இதப் பத்தி ஊருக்குள்ள மூச்சு விடக் கூடாது. லூசுன்டுருவாய்ங்க. நாளைக்கு நம்ம புள்ள ஒரு எடத்துல தல காட்ட முடியாது."

"யார்ட்டயும் சொல்லலங்க" என்றாள்.

முதல் சில வாரம் மாத்திரை தூக்கத்தைத் தவிர வேறொன்றும் தரவில்லை. நாக்கு வறண்டது. இதுவும் ஏமாற்று வேலைதான் என்று நினைத்துக்கொண்டே முழுங்கினாள். பிறகு ஒரு காலை, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. வயிறு கிள்ளியது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவளுக்குப் பசித்தது. நாலு இட்லி தின்றுவிட்டு, இன்னும் இரண்டு வைக்கலாமா என்று சட்டியைத் திறந்து பார்த்தாள். சிவபாண்டி அதைப் பார்த்துவிட்டு, டயரைப் பார்க்கப் போகிறவன் மாதிரி வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த வாரமே மகளோடு உட்கார்ந்து டிவி பார்த்துச் சிரித்தாள். மகள் முகத்தைப் பார்த்தால் மனசுக்குள் ஏதோ அசைந்தது. உயிர் திரும்பி வருகிறது என்று அவளுக்கே தெரிந்தது. கூடவே சதையும் வந்தது. முதலில் கன்னம், அப்புறம் கை, அப்புறம் இடுப்பு. வளையல் ஏற மறுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துவிட்டாள். திருட்டு வேலை செய்கிறவள் போலத்தான் அதைச் செய்தாள், பாவம்.

பயத்தில் அவள் செய்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. கடையில் வைத்துச் சாப்பிடுவதை விட்டாள். டீக்கடையில் நின்று, "எனக்குச் சீனி போடாதீங்கண்ணே" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். தொளதொளவென்று சட்டை மாதிரி ஜாக்கெட் தைத்துப் போட்டாள். வெயில் காலத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். மறைக்க மறைக்க ஊர் இன்னும் உற்றுப் பார்த்தது.

ஒச்சம்மாள்தான் முதலில் கேட்டாள். "ஏத்தா, கன்னமெல்லாம் மினுங்குது. ஏதும் விசேஷமா?"

"அதெல்லாம் இல்ல பெரியம்மா."

இங்கேதான் தமிழ்வாணி கோட்டை விட்டாள். சும்மா சிரித்து வைத்திருந்தால் சில மாதமாவது ஊர் வேறு கணக்குப் போட்டிருக்கும். பொய் சொல்லிப் பழகாதவள். இல்லை என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். பிள்ளை இல்லை என்றால் வயிற்றில் இருப்பது என்ன? ஊருக்குத் தெரிந்த விடை ஒன்றே ஒன்றுதான்.

"சீனி போன மாசம் கொறையிற மாதிரி இருந்துச்சுல்ல?"

"பருப்பும் அப்டித்தேன். எம்புட்டுப் போடுறாகன்டு யாரு கண்டா?"

யாரோ ஒருவர் சீனியைக் கொண்டுபோய் அழகுபாண்டி மளிகைக் கடையில் மறுபடி நிறுத்தார். அழகுபாண்டியின் தராசு அவர் அப்பா காலத்தில் வாங்கியது, துருப்பிடித்துக் கிடக்கிறது. காலையில் ஒரு எடை காட்டும், சாயங்காலம் ஒரு எடை காட்டும். ஆனால் அழகுபாண்டி சர்க்கரை நோயில் காய்ந்து ஓமக்குச்சியாக இருந்தார். ஆள் ஒல்லி, அதனால் தராசும் யோக்கியம். அரசாங்கத்து மிசின்தான் பொய் சொல்கிறது என்று ஆகிவிட்டது.

மனு போனது. திருமங்கலத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து கடையை அடைக்கச் சொல்லி, மூட்டை மூட்டையாக நிறுத்துப் பார்த்தார். வாசலில் ஊரே கூடி நின்றது. தமிழ்வாணி சுவரோரமாக நின்றாள். கூட்டம் மூட்டையைப் பார்க்கவில்லை, அவளுடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று அதிகாரி வாசலில் நின்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வண்டி மறைகிற வரைக்கும் காத்திருந்து ஒச்சம்மாள் சொன்னாள். "பேயாண்டி கணக்குந்தேன் கடைசி வரைக்கும் சரியா இருந்துச்சு."

அதையும் தமிழ்வாணி தாங்கியிருப்பாள். மறுநாள் பவதாரிணி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "உங்கம்மா எங்க சீனியத் திங்கிதுன்டு சொல்றாய்ங்கம்மா. திருடி மகளுன்டு சொல்றாய்ங்க."

அன்றோடு தமிழ்வாணி மாத்திரையை நிறுத்தினாள். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஞாபகத்தோடுதான் செய்தாள். சிவபாண்டி எடுத்துக் கொடுப்பான், கையில் வாங்குவாள், முந்தானையில் முடிந்துகொள்வாள், காலையில் சாக்கடையில் போடுவாள். தலை கிறுகிறுத்தது. தொட்டதற்கெல்லாம் மகளிடம் எரிந்து விழுந்தாள். கொஞ்ச நாளில் அதுவும் அடங்கி, பழைய இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறை அதற்கு வழி தெரிந்திருந்தது, சீக்கிரமே வந்துவிட்டது. சோறு மறுபடியும் மண்ணாகிப்போனது. சதை வந்த வழியே போனது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கழுத்தெலும்பு வெளியே வந்துவிட்டது.

ஊருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வேண்டும். வரிசையில் நின்று யாரும் முணுமுணுக்கவில்லை. சீனி குறைகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதே தராசு, அதே எடை. மனுப் போட்டவரே வந்து, "என்னம்மா, சௌரியமா?" என்று விசாரித்தார். ஒச்சம்மாள் தன் கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையை ஒரு கட்டு கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இப்பத்தேன் பழைய தமிழ்வாணியா இருக்க. பாக்கவே கண்ணுக்கு நல்லா இருக்கு. நடுவுல நமக்குள்ள என்னத்துக்கு மனஸ்தாபம், ம்?"

மனசாரத்தான் சொன்னாள். ஒச்சம்மாள் கெட்டவள் இல்லை. அதுதான் கொடுமை.

தமிழ்வாணி அந்தக் கீரைக் கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சாகச் சாகத்தான் இவர்களுக்கு நல்லவளாகத் தெரிகிறேன் என்று அவளுக்குப் பட்டது. அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. மத்தியானம் கடையை அடைத்தார்கள். சங்கிலி சாப்பிடப் போய்விட்டார். அவள் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போயிற்று.

கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் தன் மகளின் குரல் எது என்று கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் குரல்கூடப் பிடிபடாத அளவுக்கு ஆகிவிட்டோமே என்று ஒரு திகில் வந்தது. செல்போனை எடுத்தாள்.

"என்னங்க, வந்து என்னையக் கூட்டிட்டுப் போங்க."

"ஏன், எங்க இருக்க?"

"கெணத்துக்கிட்ட நிக்கிறேன்."

சிவபாண்டி பாதி இறக்கின லோடோடு வந்தான். போனை வைக்கவே விடவில்லை, வழி நெடுக ஏதாவது பேசிக்கொண்டே வந்தான். வந்ததும் அவள் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போய் உட்கார வைத்தான். மாத்திரையை என்ன செய்தாய் என்று கேட்டான். சொன்னாள். கையை ஓங்கினான், ஓங்கின கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

"திருடின்டா சொல்லிட்டுப் போறாய்ங்க! அவய்ங்களா நமக்குச் சோறு போடுறாய்ங்க? நீ இருக்கணும்ல. நீ இல்லாம நானும் அந்தப் புள்ளயும் என்னத்தடி செய்வோம்?"

அவன் அழுததைத் தமிழ்வாணி அன்றுதான் முதல் தடவை பார்த்தாள். அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் தோன்ற வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அன்றைக்கே டாக்டரைப் பார்த்தார்கள். இந்த முறை தமிழ்வாணி எல்லாவற்றையும் சொன்னாள், பேயாண்டி வயிறு உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை. வேறு மாத்திரை எழுதினார், இது காலையில் சாப்பிடுவது. இதில் பசி அவ்வளவு கூடாது என்றார், ஆனாலும் உடம்பே வைக்காது என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். அடிக்கடி வரச் சொன்னார். தனியாக விட வேண்டாம் என்று சிவபாண்டியிடம் சொன்னார்.

வாரங்கள் போயின. மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான் விடிந்தது. கன்னத்தில் லேசாகச் சதை தெரிய ஆரம்பித்த ஒரு நாள், அவசரத்தில் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டாள். அரிசி போடுகிற நாள், வரிசை சாலை வரைக்கும் நின்றது. சிவபாண்டி லோடுக்குப் போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுத்தான்.

முதல் ஆளாக நின்ற ஒச்சம்மாள் விடுவாளா? "என்னப்பா மாத்திர அது?"

"சத்து மாத்திர பெரியம்மா" என்றான் சிவபாண்டி, பழக்க தோசத்தில்.

"சத்து மாத்திரயா? அதான பாத்தேன், மறுபடி கன்னம்…"

"சத்து மாத்திர இல்ல பெரியம்மா" என்றாள் தமிழ்வாணி. வரிசை முழுக்கக் கேட்டது. "எனக்கு மனசு சரியில்ல. அதுக்குச் சாப்புடுறேன். போன தடவ ஒடம்பு வச்சதும் இந்த மாதிரி மாத்திரயிலதேன். உங்க சீனியில இல்ல. நீங்க பேசுனீகன்டு நிறுத்துனேன். நிறுத்திட்டுப் பள்ளிக்கூடத்துக் கெணத்துக்கிட்டப் போயி நின்டேன். நீங்க கீர கொண்டாந்து குடுத்தீகள்ல, அன்னைக்குத்தேன்."

சிவபாண்டி தரையைப் பார்த்தான். சங்கிலி படியைக் கையில் வைத்தபடி நின்றார். தமிழ்வாணி மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

ஒச்சம்மாள் மாத்திரை அட்டையைப் பார்த்தபடி, "அப்ப இனிமேலும் ஒடம்பு வைக்குமாத்தா?" என்று கேட்டாள்.

"வச்சாலும் வைக்கும்."

ஒச்சம்மாள் பையை விரித்துப் பிடித்தாள். அரிசி விழுந்தது. எடையை அவள் படிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. திருடி என்ற பேர் அன்றோடு ஒழிந்தது. இடம் காலியாக இருக்கக் கூடாதே, வேறு பேர் வந்து உட்கார்ந்தது. பாவம், ஒரு மாதிரியாம் என்றார்கள். அவளிடம் பேசும்போது குழந்தையிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினார்கள். மிசினில் அவள் விரல் படுவதைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்கள். சிவபாண்டி பயந்தது எல்லாம் அப்படியே நடந்தது.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை. தமிழ்வாணி தட்டில் சோறு போட்டு உட்கார்ந்திருந்தாள். பவதாரிணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நீ லூசாம்மா?"

தமிழ்வாணி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "ஒடம்பு சரியில்லாத மாதிரி மனசு சரியில்லத்தா. மாத்திர சாப்புடுறேன்ல, சரியாப் போகும்."

"அப்பத் திருடி இல்லேல்ல?"

"இல்ல சாமி."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு மகள் பந்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெருவில் பெயர் சொல்லி ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். எந்த வீட்டிலிருந்தும் பிள்ளைகளை அனுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பந்து சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. தமிழ்வாணியின் கண்ணீர் தட்டில் விழுந்தது. அப்படியே அழுதுகொண்டே தட்டிலிருந்த சோற்றையெல்லாம் தின்று முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மகளோடு பந்து விளையாட எழுந்து போனாள்.